காற்றுப் பெட்டிக்கு விசிறியவன்

டிசம்பர் 14, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று விடிந்தும் விடியாத நேரத்தில், இடுப்பில் ஈரத் துண்டோடு மொட்டை மாடியில் நின்று ஒரு பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தேன். பனையோலை விசிறி, கரண்ட் போகும் நாட்களுக்காக வாங்கி வைத்தது. பெட்டிக்குப் புழுக்கம் ஒன்றுமில்லை. காற்றில் எவ்வளவு அழுக்கு என்று அளந்து நம்பர் காட்டும் பெட்டி அது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலு விசிறு விசிறினால் மஞ்சளுக்காவது இறங்காதா என்று ஒரு நப்பாசை.

எதிர் மாடியில் பிலோமினா டீச்சர் நின்றிருந்தார். ரிட்டயர்டு கணக்கு டீச்சர், எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். கையில் ஒரு ஈரத் துணி. பனி கொட்டுகிற நேரத்தில் யாராவது துணி காயப்போடுவார்களா?

“என்ன பூவராகன் சார், பெட்டிக்குக் காய்ச்சலா?”

“கொசு, டீச்சர்.”

“ஓ. பெட்டியையும் கடிக்குதா?”

துண்டை இறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். உண்மையில் துண்டு அதற்கு முன்பே ஒருமுறை நழுவியது. டீச்சர் பார்த்தாரா தெரியவில்லை. பார்த்திருந்தால் மறக்கிற ஜாதி இல்லை, கணக்கு டீச்சர்.

இந்த டைரி யார் கையிலாவது சிக்கினால் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால் விளக்கம். எங்கள் கொளத்தம்பாக்கம், காலையில் லோக்கல் ரயிலேறி சென்னைக்குப் போய் ராத்திரி திரும்பி வந்து படுக்கிறவர்களின் ஊர். ஊருக்குத் தெற்கே கல் உடைக்கும் கிரஷர்கள், வடக்கே குப்பைமேடு. ஐப்பசியிலிருந்து தை வரை புகையும் பனியும் கலந்து கூரை மாதிரி கவிந்துகொள்ளும். ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் வந்து, அளக்கிற பெட்டி ஒன்றை ஊருக்குத் தருகிறோம், யார் வீட்டு மாடியில் வைக்கலாம் என்று கேட்டார்கள். முதலில் கை தூக்கியது நான். இரண்டாவது கை தூக்கப் போனவரின் கையைப் பிடித்துக் குலுக்கியதும் நான். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பிளக் பாயிண்ட் இருந்தது, அங்கே மாட்டியாயிற்று. தினமும் காலையில் நம்பரைச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போடுவது என் பொறுப்பு. பம்ப்செட் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து கிடைக்காத மரியாதை இந்த நம்பரால் கிடைத்தது.

வினையும் அதே நம்பரால்தான். மகள் நப்பின்னை கோயம்புத்தூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை இளம்பரிதி. பேத்தி நேயாவுக்கு மூன்று வயது. தீபாவளிக்கு வந்தவர்கள் மறுநாள் காலையே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். நேயாவுக்கு இருமல், வீசிங் மாதிரி. பொங்கலுக்கு வாருங்கள் என்று போன் செய்தால், “உங்க ஊர் காத்து மோசம்ப்பா. அவர் தினமும் ஆப்ல பாக்கறாரு. நம்பர் கொறையட்டும், பாக்கலாம்” என்கிறாள்.

ஊருக்கு இருப்பது ஒரே பெட்டி. அது என் மாடியில். என் பேத்தி வருவதும் வராததும் என் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எரிகிற விளக்கின் நிறத்தில் இருக்கிறது. விசிறாமல் என்ன செய்வேன்?

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கி எழுப்ப, எழுந்து வழக்கம்போல பாய்லரைப் பற்றவைத்தேன். மாமனார் சீதனமாகக் கொடுத்த செம்பு பாய்லர். தேங்காய் மட்டையும் பாளையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் குளித்தால்தான் எனக்கு விடிந்ததாக அர்த்தம். குளித்துவிட்டு மாடிக்குப் போனால் இருநூற்றுப் பத்து. ஊரைத் திட்டிக்கொண்டே குழுவில் போட்டேன்.

ஸ்டேஷனில் பனி. ரயிலைக் காணோம், அதன் ஊதல் மட்டும் வந்தது. ஏழு பத்து வண்டியில் எங்கள் கோஷ்டிக்கென்று ஜன்னலோரம் ஒரு மூலை உண்டு. அங்கே செய்தி வாசிப்பு நான். தலைமை ரசிகர் கஜபதி. கோர்ட்டில் வேலை. மார்கழி பிறந்தால் குரங்குக் குல்லாய் போட்டுக்கொள்வார். பொங்கலுக்குத்தான் அவர் காதுகளை மறுபடி பார்க்க முடியும்.

“உன் மருமவன் என்னய்யா ஆனாரு? எங்கயாச்சும் சேந்தாரா?” என்றார் கஜபதி.

மாப்பிள்ளைக்கு ஆடி மாதம் வேலை போய்விட்டது. நப்பின்னை சொல்லும்போதே, “யார் கிட்டயும் சொல்லாதீங்கப்பா” என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. கஜபதியிடம் மட்டும் சொன்னேன். வண்டியில் கூட்டம். கஜபதியிடம் சொன்னது சுற்றி நின்றவர்கள் காதில் விழுந்தால் அதற்கு ரயில்வேதான் பொறுப்பு.

அதனால் நல்லதுதான் நடந்தது என்பேன். தீபாவளிக்கு மாப்பிள்ளை ரயிலை விட்டு இறங்கியதும் பிளாட்பாரத்தில் எவ்வளவு பேர் அக்கறையாகச் சூழ்ந்துகொண்டார்கள்! கஜபதி அவர் தோளில் கைபோட்டு, “தம்பி, கவலப்படாத. எங்க மச்சான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கான். சொல்லட்டா?” என்றார். இன்னொருவர் செக்யூரிட்டி வேலை ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கூச்சம் அதிகம். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டாசுப் புகை தொண்டையைப் பிடித்திருக்கும்.

டிசம்பர் 17, புதன்

இருநூற்றுப் பதினேழு. மனசு ஒரு நிலையில் இல்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

டிசம்பர் 20, சனி

நம்பர் தானாக இறங்காது, நாம்தான் இறக்க வேண்டும் என்று இன்று லீவு போட்டுவிட்டுப் புகை வேட்டைக்குக் கிளம்பினேன். ஸ்கூட்டர், கைக்குட்டை, ஒரு கோணிப்பை.

கிரஷர் வாசலில் நாய் ஒன்று என்னைப் பார்த்த பார்வையில் அங்கே நிற்கவில்லை. குப்பைமேட்டில் புகை மட்டும் இருந்தது, பற்றவைத்தவர் இல்லை. தேரடித் தெருவில், பெருக்கிய சருகைக் குவித்துத் தீக்குச்சி உரசிக்கொண்டிருந்த அம்மாவிடம் வண்டியை நிறுத்தினேன்.

“கொளுத்தாதம்மா, காத்து கெடுது.”

“பெருக்குனத எங்க சார் கொண்டுபோறது? உன் வீட்டு வாசல்ல கொட்டட்டுமா?”

“கொடு, நானே எடுத்துக்கறேன்.”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் பெருக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். “ஏ, இங்க வா, ஒரு சாரு குப்ப கேக்கறாரு!”

அப்புறம் வேலை மும்முரமாகிவிட்டது. யார் கொல்லையில் மட்டை குவிந்திருந்தாலும் புகுந்து, “இதை எரிக்கப்போறீங்களா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்காமலும் கொஞ்சம். ஐந்தாறு நடை அடித்தேன். எங்கள் பின்கட்டில் சருகும் மட்டையும் பாளையும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

“இத்தனையும் எதுக்குங்க?” என்றாள் கோமளம். என் மனைவி; கேள்விகளைக் குறைவாகத்தான் கேட்பாள், எல்லாமே பதில் சொல்ல முடியாத கேள்விகள்.

“ஊர்ப் புகையைப் பறிமுதல் பண்ணியிருக்கேன்.”

“சரி, பண்ணியாச்சு. அப்புறம்?”

“பாய்லருக்கு ஆகுமில்ல. வருஷம் பூரா கவலையில்லை.”

டிசம்பர் 24, புதன்

ஒரு ஊரையே சுத்தம் செய்துவிட்டேன். நம்பரோ இருநூற்று நாற்பதுக்கு ஏறிவிட்டது. இதென்ன அநியாயம்? பெட்டியைத் துணியால் துடைத்தேன். தட்டினேன். எலுமிச்சம்பழம் சுற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

உட்கார முடியவில்லை. ஆபீசிலிருந்து வந்ததும் மாடிக்கு ஏறுகிறேன், இறங்குகிறேன், செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடியும் ஏறுகிறேன். “படிக்கட்டு தேயுது” என்றாள் கோமளம்.

நப்பின்னைக்குப் போன் செய்தேன். வேட்டையை விவரித்தேன். சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதில் பாதிக்கே சிரித்துப் புரையேறும்.

“நேயா என்ன பண்றா?”

“விளையாடறா.”

“மாப்பிள்ளை?”

“இருக்காரு.”

“ஏதாச்சும் அமைஞ்சுதாம்மா?”

“நம்பர் எப்பிடிப்பா இருக்கு?” என்றாள். பெண்ணுக்குக் குழந்தை மேல் எவ்வளவு கவலை பாருங்கள். அதிலேயே நிற்கிறாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் டீச்சர் எழுதிவிடுவார்.

கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்தார் பிலோமினா டீச்சர். கோமளம் காபி போட்டாள். பாதி காபியில் டீச்சர், “சார், கொஞ்சம் மாடிக்கு வர்றீங்களா?” என்றார். நழுவிய துண்டு விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

பெட்டிக்கு எதிரே போய் நின்றார். அதற்குக் கீழே, கைப்பிடிச் சுவரை ஒட்டி மேலே வந்து வாய் பிளந்து நிற்கிற தகரக் குழாயைக் காட்டினார்.

“இது என்ன சார்?”

“குழாய்.”

“குழாய்ன்னு எனக்கும் தெரியுது. எதோட குழாய்?”

பாய்லரின் புகைபோக்கி. பின்கட்டிலிருந்து சுவரோடு சுவராக ஏறி, பெட்டியின் மூக்குக்கு நேர் கீழே முடிகிறது. கரி படிந்து பெட்டியின் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி இருந்தது. நான் பெட்டியின் முகத்தைத் துடைத்தேனே தவிர அடியைப் பார்த்ததில்லை.

“பூவராகன் சார், ஊர்ல அவங்கவங்க கொல்லையில அவங்கவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சிட்டிருந்தாங்க. நீங்க அத்தனையையும் புடுங்கிட்டு வந்து, இந்தப் பொட்டிக்கு அடியில கொளுத்திட்டிருக்கீங்க.”

பின்னால் ஒரு சத்தம். கோமளம், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் சிரித்தது. அதற்கப்புறம் இப்போதுதான் இப்படிச் சிரித்துப் பார்க்கிறேன்.

இறங்கும்போது டீச்சரிடம் மெதுவாக, “இது நமக்குள்ள இருக்கட்டும். குழுவுல போட்டுடாதீங்க” என்றேன்.

“சே, நான் எதுக்கு சார் சொல்லப் போறேன். நான் என்ன உங்கள மாதிரியா?”

கடைசி வாக்கியத்தை எதற்குச் சேர்த்தார் என்று புரியவில்லை. கேக்கில் திராட்சை குறைவு.

நாளை முதல் பச்சைத் தண்ணீர்.

டிசம்பர் 29, திங்கள்

ஐயோ.

ஜனவரி 1, வியாழன்

எண்பத்தெட்டு! மஞ்சளைத் தாண்டி, பச்சை எட்டிப் பார்க்கிறது. கிரஷர் அங்கேயே இருக்கிறது, குப்பைமேடும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் எண்பத்தெட்டு. பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவனுக்குக் கடவுள் கொடுத்த மதிப்பெண்.

நப்பின்னையைக் கூப்பிட்டு, ஹேப்பி நியூ இயர் சொல்வதற்கு முன் நம்பரைச் சொன்னேன். குரல் கரகரத்தது, குளிர்.

“எண்பத்தெட்டும்மா! மாப்பிள்ளையை ஆப்ல பாக்கச் சொல்லு!”

“சரிப்பா.”

“டிக்கெட் போட்டுடலாமில்ல?”

“பாக்கலாம்ப்பா.”

நம்பர் குறையட்டும் என்றவள், நூற்றுக்குக் கீழே இறங்கியும் இன்னும் பார்க்கலாம் என்கிறாள். ஐம்பதுக்குக் கீழே எதிர்பார்க்கிறாளோ? ஐம்பதுக்கு இறக்க நான் மூச்சு விடுவதையும் நிறுத்த வேண்டும்.

புலம்பியபோது கோமளம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: “காத்துதான் காரணம்னு நெஜமாவே நம்பறீங்களா?”

“பின்ன?”

“தீபாவளிக்கு அந்தப் புள்ளைய பிளாட்பாரத்துல நிக்க வச்சு ஆளுக்கொரு வேலை குடுத்தாங்களே. அவங்களுக்கெல்லாம் யாரு சொன்னது?”

முளைக்கீரை. கடைந்து வைத்திருந்தாள், பூண்டு தூக்கலாக. நன்றாக இருந்தது.

ஜனவரி 3, சனி

பேச்சு வரவில்லை. தொண்டை முழுசாகக் கட்டிவிட்டது. எழுத வருகிறது, அதுவரை சரி.

ஜனவரி 5, திங்கள்

குரல் இல்லாமல் ரயிலேறுவது சட்டை இல்லாமல் ஏறுவதற்குச் சமம். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

“என்னய்யா ஆச்சு?” என்றார் கஜபதி.

மறுபடி தொண்டையைத் தொட்டேன்.

“தொண்டையில ஏதோ கட்டியாம்” என்று கஜபதி பக்கத்து ஆளிடம் சொன்னார். இல்லை என்று தலையாட்டினேன். “பாவம், தல ஆடுது பாரு” என்றார் பக்கத்து ஆள். கூடுவாஞ்சேரி வருவதற்குள் எனக்கு டெஸ்ட் எடுத்தாகிவிட்டது. தாம்பரத்தில் ரிசல்ட் வந்தது. பல்லாவரத்தில் ஒருவர், “புள்ளைங்க செட்டிலாயிட்டாங்களா?” என்று கேட்க, “ஒரே பொண்ணு. அந்த மருமவனுக்கும் வேலையில்ல” என்றார் கஜபதி. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். என் எதிரிலேயே. நான் இல்லாத மாதிரி. ஒருவர் எழுந்து எனக்கு ஜன்னலோரம் உட்கார இடம் கொடுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன். முகம் சூடாக இருந்தது. ஜுரமாக இருக்கும்.

ஜனவரி 6, செவ்வாய்

நப்பின்னை போன் செய்தாள். “அப்பாக்குப் பேச்சு வரல, நீ பேசு, கேப்பாரு” என்று கோமளம் போனை என் காதில் வைத்துவிட்டு, வேண்டுமென்றே துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

“அப்பா?”

நான் உம் என்றேன். அதுதான் வந்தது.

இருபத்தொன்பது வருஷத்தில் என் பெண் பேசி நான் குறுக்கே பேசாமல் கேட்டது இதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முதலில் நேயா பேச்சு. மழலை. பள்ளிக்கூடம் சேர்ப்பது. அப்புறம் குரல் மாறிவிட்டது.

“தீபாவளிக்கு உங்க வீட்ல, பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு அவர் அழுதாருப்பா. அந்த கஜபதி சார் வந்து தோள்ல கை போட்டாரில்ல, ‘எங்கூரு பஸ்ஸ்டாண்டுல கூட யாரும் என்னைய இப்பிடிப் பாவமாப் பாத்ததில்ல’ன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல? நீங்க வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குப் பேசாம இருக்க முடியாது. ஆனா அவருக்கு அது தெரியாதில்ல?”

உம்.

“இப்ப அவர் சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கப் போறாருப்பா.” என்னவென்றும் சொன்னாள். எங்கே, எப்போது, யாரோடு சேர்ந்து என்று எல்லாம் சொன்னாள். “சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்” என்று வைத்துவிட்டாள்.

என்ன தொழில் என்று இங்கே எழுதவில்லை. டைரி பொது இடம் மாதிரிதான்.

நம்பர் தொண்ணூற்று இரண்டு.

ஜனவரி 8, வியாழன்

மாடியில் பூனை ஒன்று பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. “ஏய், எறங்கு!” என்று கத்தினேன். கணீரென்று வந்தது. எதிர் மாடியில் டீச்சர், “வந்துருச்சா சார்?” என்றார். அந்த அம்மாவுக்கு வேறு வேலையே கிடையாதா?

ஜனவரி 9, வெள்ளி

ரயிலில் ஏறியதும் தொண்டை மறுபடியும் சரியில்லாமல் போய்விட்டது.

கஜபதி கேட்டார். வழக்கமான கேள்வி, மாப்பிள்ளையைப் பற்றி. என்னிடம் சூடான, முழு வட்டமான, யார் காதிலும் விழாத புத்தம்புதுச் செய்தி ஒன்று இருக்கிறது. அது நாக்கின் நுனியில் நின்று கதவைத் தட்டுகிறது. வேர்க்குரு வந்த முதுகைச் சொறியாமல் நிற்பது இதற்கு எவ்வளவோ மேல். காலை ஆட்டினேன். பையைத் திறந்து மூடினேன். மீனம்பாக்கத்தில் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிவிடலாமா என்று பார்த்தேன். கடைசியில் தொண்டையைத் தொட்டு, கையை விரித்தேன்.

“இன்னமுமா?” என்றார் கஜபதி, பரிதாபமாக.

இந்தப் பனி ஒழிந்தால்தான் தொண்டை சரியாகும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

வருகிறார்கள்! பஸ்ஸில் வந்து தாம்பரத்தில் இறங்கி லோக்கல் பிடிக்கிறார்களாம். புதன்கிழமை காலை. கோமளத்திடம்தான் சொன்னாளாம், கோமளம் என்னிடம் அரிசி கழுவிக்கொண்டே சொல்கிறாள், பால்காரன் வந்தான் என்பது போல.

ஒரு நிமிஷம் குதித்துவிட்டு காலண்டரைப் பார்த்தேன். புதன்கிழமை போகி.

போகிக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷம் முழுவதும் ஒரு கிழிந்த பாயைக்கூடத் தூக்கிப் போட மனசு வராதவர்கள், அன்றைக்கு விடியற்காலை பாய், தலையணை, முறம், டயர் என்று அத்தனையையும் வாசலில் போட்டுக் கொளுத்துவார்கள். பிள்ளைகள் சின்னப் பறையை அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். எதிர்வீடு தெரியாது. இவ்வளவு நாள் நான் பச்சைத் தண்ணீரில் நடுங்கிச் சேர்த்த பச்சை விளக்கெல்லாம் ஒரே காலையில் போய்விடும்.

உடனே கோயம்புத்தூருக்குப் போன். மாப்பிள்ளை எடுத்தார். தீபாவளிக்கு அப்புறம் அவர் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

“மாப்பிள்ளை, ஒரு நாள் தள்ளி வாங்க. போகி அன்னிக்கு நம்பர் நானூறு தாண்டும். குழந்தைக்கு ஆகாது.”

“பரவாயில்லைங்க மாமா. மாஸ்க் போட்டுக் கூட்டியாறோம். மத்தியானம் அடங்கிருமில்லீங்களா?”

ஆப்பில் தினமும் நம்பர் பார்க்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

ஜனவரி 14, புதன், போகி

நானூற்று இருபது. பெட்டியின் விளக்கு சிவப்பையும் தாண்டி ஊதாவுக்குப் போய்விட்டது. அப்படி ஒரு நிறம் அதில் இருப்பதே இன்றுதான் தெரியும். தெருத் தெருவாகப் போய்க் கெஞ்சியதில் எங்கள் தெருவில் டயர் மட்டும் எரியவில்லை. டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டார். அவர் முன்னால் டயர் எரிக்க யாருக்கு தைரியம்?

முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கொள்ளைக்காரன் மாதிரி இருந்தேனாம், டிக்கெட் கவுண்டரில் சொன்னார்கள். புகையில் வண்டிகள் ஊர்ந்து வந்தன. பிளாட்பாரத்தில், பெஞ்சில், குரங்குக் குல்லாய். லீவு நாளிலும் ஸ்டேஷனுக்கு வந்து உட்காராவிட்டால் கஜபதிக்குச் சோறு இறங்காது. அவரை அந்தப் பக்கம் போகச் சொல்லலாம் என்றால், என்ன காரணம் சொல்வது? எனக்குத்தான் பேச்சு வராதே.

வண்டி வந்தது. முதலில் மாப்பிள்ளை இறங்கினார். தோளில் நேயா, முகத்தில் கரடி படம் போட்ட மாஸ்க். பின்னால் பையோடு நப்பின்னை. நான் எட்டு வைப்பதற்குள் கஜபதி எழுந்து போய் மாப்பிள்ளை எதிரில் நின்றுவிட்டார். அதே கை, அதே தோள்.

“வாப்பா தம்பி! எங்க இருக்க இப்ப? என்ன பண்ற?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நப்பின்னையும் பார்த்தாள். நான் முகத்துத் துண்டை இன்னும் மேலே இழுத்துவிட்டேன்.

“இந்த மனுசன கேட்டா ஒண்ணுத்தையும் சொல்ல மாட்றாரு” என்றார் கஜபதி, நிஜமான வருத்தத்தோடு. “ஒரு வாரமா கேட்டுட்டிருக்கேன். தொண்டையத் தொட்டுத் தொட்டுக் காட்றாரு. ஆனா நேத்து முறுக்கு விக்கறவன் கிட்ட சில்லறைக்கு அந்தக் கத்து கத்தறாரு! எங்கிட்ட மட்டும் என்னப்பா ஒளிவுமறைவு? நான் என்ன அன்னியனா?”

மாப்பிள்ளை கஜபதியை விட்டு என் பக்கம் திரும்பினார். அப்புறம் நேயாவைத் தோளிலிருந்து இறக்கி, என் கையில் கொடுத்தார்.

“நீங்க தூக்கிக்கோங்க மாமா. நான் பைய எடுத்துக்கறேன்.”

நேயா என் துண்டை இழுத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா திருடன்” என்றாள். ஸ்கூட்டர் ஸ்டாண்டு வரை நான் ஒன்றும் பேசவில்லை. தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

நேயா இருமவில்லை. இரவெல்லாம் நான் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேனாம், கோமளம் சொல்கிறாள். காலையில் கொஞ்சம் காற்றடித்து, புகை கலைந்து, நூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது. பால் பொங்கும்போது டீச்சர் வந்து ‘பொங்கலோ பொங்கல்’ என்று எவர்சில்வர் தட்டைத் தட்டிவிட்டுப் போனார்.

சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைக் காட்டினேன். விசிறி, கோணிப்பை, புகைபோக்கி, பச்சைத் தண்ணீர் என்று முழுக் கதையையும் சொன்னேன். துண்டு நழுவியதையும். என்னைப் பற்றிய செய்திதானே, தாராளமாகச் சொல்லலாம். மனிதர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தொழிலைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் கேட்டேன். இது தனிக் கலை, இன்னும் கைவரவில்லை. இரண்டு இடத்தில் அவருக்கு முன்பே தலையாட்டிவிட்டேன்.

பேச்சு முடிந்ததும், “சரி மாப்பிள்ளை, உங்க ஆப்பைக் கொஞ்சம் காட்டுங்க. நம்ம ஊர் நம்பர் கோயம்புத்தூர்லேர்ந்து பாத்தா எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்” என்றேன்.

மாப்பிள்ளை போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, புரியாமல் என்னைப் பார்த்தார்.

“காத்துக்கெல்லாம்கூட ஆப் இருக்குதுங்களா மாமா?”